கறிச்சோறும் கதிர் கிளப்பும்

ஏப்ரல் 2, புதன்

இந்த டைரி பேட்டரிக் கடையில் சும்மா கொடுத்தது. என் கொழுந்தன் வெயிலுமுத்து கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் போட்டார்.

"மதினி, மைதானத்துல நின்னு கத்துறதையெல்லாம் இதுல எழுதுங்க. எனக்குக் காதாவது மிஞ்சும்."

"எழுதிருவேன். படிக்கிற தைரியம் மேனேஜருக்கு இருக்கா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதற்குமேல் பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும். கருத்து கோணாது.

என் பெயர் குருவம்மாள். கோவில்பட்டியில் கதிரேசன் மலைக்குப் போகிற வழியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு ஆக்கி என்றால் உயிர். என் உயிர் கதிர் ஆக்கி கிளப். வருகிற ஞாயிறு லீக் தொடங்குகிறது. எட்டு அணி. இந்த வருடம் புதுச் சட்டம்: முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் முதல் டிவிஷன். வராதவர்கள் இரண்டாம் டிவிஷனுக்குப் போய்ப் புழுதி தின்ன வேண்டியதுதான். போன வருடம் நாங்கள் ஆறாவது. அதற்கு முந்திய இரண்டு வருடமும் ஐந்தாவது. அதற்கும் முந்தி, என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், இரண்டாவது. ஆக, மூன்று வருடமாகக் கீழேதான் போகிறது. காரணம் ஒன்றுதான். நிர்வாகம். மேனேஜர் வெயிலுமுத்து. சொந்தக் கொழுந்தன் என்பதற்காக நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு நல்ல சேதி. ஏழு ஆட்டத்தில் ஐந்து எங்கள் மைதானத்திலேயே! கிளப் தலைவர் ராஜாமணி பேசி வாங்கிக்கொண்டு வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர், பற்றவைக்கத் தெரியாதா?

ஏப்ரல் 6, ஞாயிறு

தொண்டை போய்விட்டது. கை நன்றாக இருக்கிறது, எழுதுகிறேன்.

காலையிலேயே நாலு கிலோ ஆட்டுக்கறி வாங்கி அடுப்பில் ஏற்றினோம், நானும் லூர்தும். லூர்து என் கடையில் எட்டு வருடமாக இருக்கிறாள். வாயும் அரிவாள்மனையும் ஒரே கூர்மை. ஆட்டம் மூன்றரைக்கு. இரண்டு மணிக்குப் பையன்கள் எல்லாரும் வந்து இலை முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். அது எங்கள் வழக்கம். மூன்று தடவை சோறு. குழம்புக்கு ஒரு தடவை, சுக்காவுக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை. மூன்றாவது சோறு வாங்காமல் எவனும் இலையை மூடக்கூடாது. மூடினால் கிளப்புக்கு ஆகாது.

இது நானாகக் கட்டியது இல்லை. என் மகள் பிறந்த வருடம் கிளப் கப் வாங்கியது. நான் அப்போது பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். இங்கே என் வீட்டுக்காரரே கறி சமைத்துப் பரிமாறியிருக்கிறார். "மூணு தடவ சோறு வாங்குனானுக, கப்பும் வந்துச்சு" என்று சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்று வாளியோடு அவர் பனியன் போட்டு நிற்கிற போட்டோவைத்தான் பெரிதாக்கிக் கடைச் சுவரில் மாட்டி, மாலையும் போட்டிருக்கிறேன். அவர் போன பிறகு, அதே சோற்றை எங்கள் மைதானத்தில் நடக்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் போட ஆரம்பித்தேன். மூன்று வருடம் ஆகிறது. ஒரு ஞாயிறு தவறவில்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். முதல் பாதியில் இரண்டு கோல்! மாசிலாமணிதான் இரண்டும். பந்து அவன் ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டே போனது. மைதானமே எழுந்து ஆடியது. இரண்டாம் பாதியில் எவனுக்கும் கால் வரவில்லை. எங்கள் கேப்டன் இசக்கிராஜ் தடுப்பு ஆட்டக்காரன். அவன் திரும்புவதற்குள் எதிராளி போய்க் கோல் அடித்துவிட்டுத் திரும்பி வருகிறான்.

"ஏல இசக்கி! பந்து ஒனக்காக ஸ்டாப்புல நிக்குமால? அதென்ன பஸ்ஸால?" என்று கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். ஏப்பம் வந்தது. மூடிக்கொண்டான்.

மூன்றுக்கு இரண்டு. தோல்வி. நிர்வாகம் சரியில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெற்றி! கழுகுமலையில் போய் நாலுக்கு ஒன்று! கடையை விட்டுப் போக முடியவில்லை. வெயிலுமுத்து போனில் சொல்லச் சொல்ல நான் இங்கே கரண்டியால் அண்டாவைத் தட்டினேன். சாப்பிட வந்தவர் ஒருவர் பயந்து பாதியில் எழுந்துவிட்டார்.

"கடைசி வரைக்கும் ஓடுனானுக மதினி, குதிரை கணக்கா!"

"என்ன சாப்பிட்டானுக?"

"வேன்ல வச்சு ஆளுக்கு ரெண்டு பன்னு, ரெண்டு வாழப்பழம்."

பாவம், வெறும் வயிற்றோடு ஆடி நாலு கோல் போட்டிருக்கிறார்கள். என் சோறும் உள்ளே போயிருந்தால் பத்து கோல்!

ஏப்ரல் 20, ஞாயிறு

நம் மைதானம். மறுபடி தோல்வி. முதல் பாதி ஒன்றுக்குப் பூஜ்யம் நமக்கு. முடிவில் நாலுக்கு ஒன்று அவர்களுக்கு.

வெயில் நம் பையன்களின் கண்ணில் நேராக அடிக்கிறது. கோல் போஸ்ட்டை ஏன் மேற்கே வைத்தார்கள்? இதை நிர்வாகம் யோசிக்க வேண்டாமா? வெயிலுமுத்துவிடம் கேட்டேன்.

"மதினி, பாதி நேரம் முடிஞ்சா பக்கம் மாறுவாங்க. வெயிலு அவங்களுக்கும்தான் அடிச்சுது."

"அவுகளுக்கு அடிக்கிற வெயிலு வேற."

தலையைச் சொறிந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"சாப்பாட்ட ஒரு பதினோரு மணிக்கு வச்சுக்கலாமா மதினி?"

"பதினோரு மணிக்கு எவன் கறிச்சோறு திம்பான்? அதென்ன கலியாண வீடா?"

"இல்ல... சோத்தக் கொஞ்சம் கம்மியா..."

"கம்மியா? ஒங்க அண்ணன் வாளியத் தூக்கிட்டுப் போட்ட சோறு. கம்மி கிம்மின்னு என் கடைக்குள்ள பேசாதிய. போயி டயர் பஞ்சர ஒட்டுங்க மேனேஜரே."

போய்விட்டார். பஞ்சர் கடைக்காரரை மேனேஜராகப் போட்டால் காற்றுத்தான் இறங்கும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் வாசலில் நின்று சிரித்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

யோசித்தேன். பையன்களுக்கு இரண்டாம் பாதியில் தெம்பு போதவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து ஈரல் வறுவலும், சோற்றில் ஒரு கரண்டி நெய்யும் சேர்க்கப்போகிறேன். நிர்வாகம் செய்யாததை நாமாவது செய்வோம்.

லூர்திடம் சொன்னேன். "செய்ங்கக்கா. கட்டிலும் நாலு வாங்கி மைதானத்துல போட்ருங்க" என்றாள். அவளுக்கு ஆக்கி புரியாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

விளாத்திகுளத்தில் மூன்றுக்குப் பூஜ்யம். வெற்றி! வெற்றி! வெளியூர் என்றால் புலி. இதற்கும் பன்னும் பழமும்தானாம். என்ன கஞ்சத்தனமான நிர்வாகம்.

மே 4, ஞாயிறு

எழுத மனமில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஈரலும் நெய்யும் போட்டேன். முதல் பாதி மூன்றுக்கு ஒன்று நாம் முன்னால். நான் தலைவர் ராஜாமணியின் குடையைப் பிடுங்கிச் சுற்றினேன். அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் பாதியில் மாசிலாமணி நடுக்கோட்டில் குத்தவைத்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கோல்கீப்பர் பேடோடு சாய்ந்து உட்கார்ந்தவன் பந்து வந்தபோது எழவே இல்லை. நாலுக்கு மூன்று.

காலையில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டிருக்கிறார் மேனேஜர். அதுதான் காரணம். நான் பெஞ்சில் ஏறி, "மேனேஜர மாத்து!" என்றேன். ஒரு சத்தம்தான் போட்டேன். மைதானமே பிடித்துக்கொண்டது. "மாத்து! மாத்து!" வெயிலுமுத்து தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தலைவர் மைக்கில் சொல்லிவிட்டார். முதல் நான்கில் வராவிட்டால் கடைசி ஆட்டத்தன்று மைதானத்திலேயே கூட்டம் போட்டு வேறு மேனேஜர் எடுப்பார்களாம். அண்ணன் இறந்தபோது, "அவர் எடத்துல நான் பாத்துக்கிடுதேன்" என்று வெயிலுமுத்து ஏற்றுக்கொண்ட வேலை அது.

நான் கேட்டது அதைத்தானே. நல்லதுதான். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஈரல் கொஞ்சம் காரம்.

மே 11, ஞாயிறு

சிவகாசியில் இருக்கிறேன். தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. போகாமல் இருந்தால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். கறி, நெய், ஈரல் எல்லாம் வாங்கி லூர்திடம் ஒப்படைத்து, மூன்று தடவை சோறு, மறக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் போன்.

"அக்கா! அஞ்சுக்கு ஒண்ணு!"

"யாருக்குடி அஞ்சு?"

"நமக்குக்கா! மாசிலா மட்டும் மூணு! கடைசி நிமிசம் வரைக்கும் ஓடுதான்க்கா!"

நான் வளையல் தட்டோடு குதித்ததில் சந்தனக் கிண்ணம் சம்பந்தி அம்மாள் மடியில் கவிழ்ந்தது. இரண்டு வீட்டாரும் என்னையே பார்த்தார்கள். "எங்க ஊரு அஞ்சு கோல் போட்ருச்சு" என்றேன். மாப்பிள்ளை ஒருவர்தான் கைதட்டினார். நல்ல பையன்.

மூன்று வெற்றி, மூன்று தோல்வி. கடைசி ஆட்டம் சாத்தூர்க்காரர்களோடு, நம் மைதானத்தில். ஜெயித்தால் நான்காவது இடம்!

மே 12, திங்கள்

ஊர் திரும்பினேன்.

"நல்லா சாப்பிட்டானுகளாடி?"

"நல்லா சாப்பிட்டானுகக்கா" என்றாள் லூர்து, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

நெய் டப்பா நான் வைத்துவிட்டுப் போன அளவிலேயே இருக்கிறது. குளிர்பெட்டியில் கறி அப்படியே இருக்கிறது. குப்பைத் தொட்டி நிறைய வாழைப்பழத் தோல். கஞ்சிப் பானை கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

லூர்து சிக்கனக்காரி.

மே 15, வியாழன்

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம். நான் உள்ளே மசாலா வறுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மேசையில் வெயிலுமுத்துவும் இசக்கிராஜும் டீ குடித்தார்கள். அடுப்புச் சத்தத்தில் எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. விழுந்தவரைக்கும் எழுதுகிறேன்.

"சொல்லிருவோம்ணே. மூணு வருசமா வயித்துல கல்லக் கட்டிக்கிட்டு ஆடுற மாதிரி இருக்கு. ரெண்டு தடவ வாங்கிட்டு ஓடிரலாம்னு பாத்தா, கரண்டியோட குறுக்க நிக்காக."

"சொல்லக்கூடாதுடா."

"அன்னைக்கு அக்கா ஊருக்குப் போனதால கஞ்சியக் குடிச்சு ஆடுனோம். பாத்தியள்ல? ஞாயித்துக்கெழம தோத்தா ஒங்கள வெளிய அனுப்பிருவாங்கண்ணே."

"அனுப்பட்டும். எனக்குப் பஞ்சர் கடை இருக்கு. அண்ணன் போன பெறகு மதினி ரெண்டு மாசம் கடையே தொறக்கல. இந்த ஞாயித்துக்கெழமச் சோறுதான்டா அவங்கள எழுப்பி உக்கார வச்சுது. அதப் போயி வேண்டாம்னு எந்த வாயால சொல்லுவ?"

"அதுக்காக நம்ம கிளப்பு..."

"தின்னுட்டு ஆடுவோம். இன்னும் ஒரு ஆட்டந்தான. டீயக் குடி."

மசாலா கருகிவிட்டது. கீழே கொட்டினேன்.

மே 16, வெள்ளி

கடையைக் கழுவினோம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது என்று போட்டோவைக் கழற்றி, மாலையை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். பிளாஸ்டிக் மாலை, மூன்று வருடமாக அதே இடத்தில் தொங்கியது.

போட்டோவில் மாலை மறைத்திருந்த மூலையில், சாப்பாட்டு இலைகளுக்கு நடுவில், கப் இருக்கிறது. பெரிய கப். அதற்குச் செவ்வந்தி மாலை போட்டுச் சந்தனம் வைத்திருக்கிறார்கள். பையன்கள் எல்லாரும் முழங்கால் வரை புழுதி. ஒருவன் நெற்றியில் கட்டு. வெளியே விளக்கு எரிகிறது.

லூர்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆமாக்கா, கப்பு. ஜெயிச்சுட்டு வந்து சாப்பிடுதாங்க" என்றாள்.

ஜெயிச்சுட்டு வந்து.

அவர் எப்போதுமே அப்படித்தான். வாலை முதலில் சொல்லித் தலையைப் பிறகு சொல்வார். கடைக்குப் போய் அரிசி வாங்கிய கதையில்கூட அரிசி வெந்த பிறகுதான் கடைக்குப் போவார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

மாலையைக் கொஞ்சம் தள்ளி மாட்டினேன்.

மே 18, ஞாயிறு

நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலேயே கறி வாங்கினேன். ஆறு கிலோ. அடுப்பில் ஏற்றவில்லை. பதினொன்றரைக்குப் பையன்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். தூக்குக் கைதிகளைப் போல வந்து உட்கார்ந்தார்கள். இலை போட்டேன். ஆளுக்கு ஒரு செம்பு கம்பங்கஞ்சி வைத்தேன். அடுத்து வாழைப்பழம் வைத்தேன். கடைசியில் ஒரு கடலை மிட்டாய்.

"மூணு தடவ ஆச்சு. எந்திரிங்க" என்றேன்.

யாரும் எழவில்லை. இசக்கிராஜ் கடலை மிட்டாயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான், அடியில் எங்காவது ஈரல் இருக்குமோ என்று.

வெயிலுமுத்து வந்தார். "என்ன மதினி இது? கறி?"

"வேகல. முத்தின ஆடு. சாயந்தரந்தான் வேகும்."

"அடுப்பே பத்த வைக்கலையே?"

"அதான் முத்தின ஆடுங்கேன்ல. பத்த வச்சு என்ன பிரயோசனம்? ஒங்களுக்குப் புத்தி சொல்லுற மாதிரிதான்."

அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார். போட்டோவையும் நகர்ந்திருந்த மாலையையும் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "சரி மதினி" என்று மட்டும் சொன்னார். மூக்கை உறிஞ்சினார். கோடையில் அவருக்கு எப்போதும் ஜலதோஷம்.

ஆட்டம்! சாத்தூர்க்காரர்கள் சும்மா ஆட்கள் இல்லை, லீக்கில் முதல் இடம். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். பக்கத்தில் நின்ற தலைவர் ராஜாமணி, "முதல் பாதியிலயே பின்னால. இனி ரெண்டாம் பாதி நமக்குத் தெரியாதா?" என்றார். கஞ்சி போதவில்லையோ? நானே கவிழ்த்துவிட்டேனோ? பெஞ்சில் ஏறவில்லை. கத்தவும் இல்லை. எல்லாரும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள், உடம்புக்கு முடியவில்லையா என்று.

இரண்டாம் பாதி தொடங்கியது. பத்து நிமிடம் போனது, பையன்கள் ஓடுகிறார்கள். இருபது நிமிடம் போனது, இன்னும் ஓடுகிறார்கள்! சாத்தூர்க்காரர்கள் இடுப்பில் கை வைத்துவிட்டார்கள். இசக்கிராஜ், அந்தப் பஸ் ஸ்டாப் இசக்கிராஜ், தன் கோலிலிருந்து எதிராளி கோல் வரைக்கும் பந்தைத் தள்ளிக்கொண்டு போனான்! பெனால்டி கார்னர் கிடைத்தது. மாசிலா அடித்தான், கோல் பலகையில் டொம்மென்று சத்தம். சமம்! நான் பெஞ்சில் ஏறிவிட்டேன். எப்போது ஏறினேன் என்று தெரியாது. அடுத்த கோல் எப்படி விழுந்தது என்றும் தெரியாது, அப்போது நான் தலைவர் ராஜாமணியின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதை நன்றாகப் பார்த்தேன். இசக்கி தள்ள, மாசிலா விழுந்துகொண்டே தட்ட, கோல்கீப்பர் கால் இடுக்கில் புகுந்து போனது பந்து.

மூன்றுக்கு ஒன்று! நான்காவது இடம்! முதல் டிவிஷன்!

எல்லாரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். தலைவர் மட்டும் மைக்கை விடவில்லை. "ஜெயிச்சது சரி. நம்ம மைதானத்துல மூணு ஆட்டம் எப்படித் தோத்தோம்? அதுக்கு மேனேஜர் பதில் சொல்லணும்ல?"

வெயிலுமுத்து முன்னால் வந்தார். "தப்பு என்னுதுதான். காலையில ஓட விட்டது..." என்று ஆரம்பித்தார்.

நான் போய் மைக்கை வாங்கினேன்.

"தலைவரே, தோத்ததுக்கு மேனேஜரக் கேக்கிய. ஜெயிச்சதுக்கு யாரக் கேப்பிய?"

"அன்னைக்கு மாத்து மாத்துன்னு பெஞ்சுல ஏறிக் கத்துனது நீங்கதான குருவம்மா?"

"கத்துனேன். தொண்டை என்னுது. இன்னைக்குச் சொல்லுதேன், இவருதான் மேனேஜரு. அடுத்த வருசமும் இவருதான். வேண்டாங்கிறவுக கைய தூக்குங்க, பாத்து வச்சுக்கிடுதேன். நாளைக்கு என் கடைக்குத்தான சாப்பிட வரணும்?"

ஒரு கையும் எழவில்லை. தலைவர் கை மட்டும் பாதி எழுந்து, வழுக்கையைத் தடவிவிட்டு இறங்கியது.

"இன்னொண்ணு. இனிமே கறிச்சோறு ஆட்டம் முடிஞ்சுதான். ஜெயிச்சா மூணு தடவ. தோத்தா ரசம்."

பையன்கள் போட்ட சத்தம் மூன்றாவது கோலுக்கு எழுந்த சத்தத்தைவிடப் பெரிது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆட்டம் பார்க்க முடியாத எரிச்சலோடு லூர்து கறியை முன்பே அடுப்பில் ஏற்றியிருந்தாள். விளக்கு ஏற்றிய பிறகு இலை போட்டோம். முழங்கால் வரை புழுதியோடு உட்கார்ந்தார்கள். இசக்கிராஜ் ஐந்து தடவை வாங்கினான். வாளியை என் கையிலிருந்து வெயிலுமுத்து வாங்கிக்கொண்டார். சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு பரிமாறினார்.

நான் கொஞ்ச நேரம் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மதினி, கத்தாம இருக்கிய?"

"மூணாவது எலைக்குச் சோறு பத்தல. நிர்வாகம் சரியில்ல" என்றேன்.

மே 19, திங்கள்

கடை விடுமுறை. தொண்டைக்குச் சுக்குத்தண்ணி. லூர்து நெய் டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டாள், எனக்கு எட்டாத உயரத்தில்.

இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஏப்ரல் மாதமே எழுதியிருக்கிறேன், காரணம் நிர்வாகம் என்று. நிர்வாகம் மாறியது, ஜெயித்தோம். எந்த நிர்வாகம் என்று வெயிலுமுத்து கேட்க மாட்டார்.